பூட்டிய கதவும் ஒரு விளம்பரமும்

அத்தியாயம் 11

பிந்து புருஷன் வீட்டை விட்டு வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. 'விட்டு வந்தாள்' என்று சொல்வது சரிதானா என்பதிலேயே அம்மாவின் மட்டாஞ்சேரி வீட்டில் இன்னும் யாருக்கும் தெளிவில்லை.

அன்றைக்கு நல்ல மழை. போர்ட் கொச்சியில் அவள் வேலை பார்க்கும், சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோம்ஸ்டேக்குள் தண்ணீர் ஏறிவிட்டதால் மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வாஷர் மாற்றக் கொடுத்திருந்த குக்கரை வழியில் வாங்கிக்கொண்டு பிந்து பள்ளுருத்தி வீட்டுக்குப் போனாள். வாசலில் பூட்டுத் தொங்கியது. அவள் காலையில் எடுக்க மறந்த சாவி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. புருஷன் பாண்டியராஜின் போன் அணைந்திருந்தது. இரண்டு மணி நேரம் குக்கரும் கையுமாக மழையில் நின்றுவிட்டு, ஆட்டோ பிடித்து அம்மா வீட்டுக்கு வந்து காய்ச்சலில் விழுந்தாள்.

அவன் அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பிறகு போனில் பேசியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேணும்னே பூட்டிட்டுப் போனீங்களா? இல்லை, சாவி என்கிட்டே இருக்குன்னு நெனச்சீங்களா?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. ஒன்றரை மாதமாகப் பதில் சொல்லவில்லை. அதனால் அவளும் போகவில்லை.

இன்று சாயங்காலம் அவன் வருவதாகச் சொல்லியிருந்தான்.

தங்கை மஞ்சுஷா அரை நாள் லீவு கேட்கும் எண்ணத்தோடு எர்ணாகுளம் ஆபீஸ் படியேறினாள். ஆனால் வாய் திறப்பதற்குள் மேலாளர் ஜிதின் சேட்டன் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"மஞ்சுஷா, நீ ஜெயிச்சுட்டே!" என்று மலையாளத்தில் கூவினான்.

ரவிபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் இருக்கிறது அந்த விளம்பரக் கம்பெனி. மொத்தம் ஏழு பேர். ஆன்லைன் விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதுதான் வேலை. போனில் யாரோ யாருடைய கல்யாண வீடியோவையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து விழுமே, அந்த விளம்பரம். நூறு பேர் கண்ணில் பட்டால் அதில் எத்தனை பேர் விரலால் தட்டுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆபீஸில் அதைச் சி.டி.ஆர். என்பார்கள். காலையில் வந்ததும் சாயா குடிப்பதற்கு முன் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. 'கம்ப்யூட்டர் வேலை' என்று அம்மா சரோஜம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மஞ்சுஷாவும் திருத்தவில்லை.

ஜிதின் திரையைத் திருப்பிக் காட்டினான். அவளுடைய விளம்பரம்தான். மழை. பூட்டிய கதவு. வாசலில் ஒரு பெண். கையில் குக்கர்.

"பாரு, நூத்துக்கு ஒண்ணுகூடத் தேறாம கிடந்தது. இப்ப நாலைத் தொடப்போகுது. விளையாட்டுக் கம்பெனி பெங்களூர்க்காரங்க ராத்திரியே மெயில் அனுப்பிட்டாங்க. இவ்வளவு நாள் பொம்பளைங்களுக்கு மட்டும்தானே காட்டினோம், இன்னையிலிருந்து ஆம்பளைங்களுக்கும் விடச் சொல்லிட்டாங்க. காலையிலேயே விட்டாச்சு."

மஞ்சுஷாவுக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அது வந்ததற்காகத்தான் பிறகு அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவள் இதை வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் செய்த விளம்பரத்தில் அந்தப் பெண்ணின் கையில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. படத்துக்குக் கீழே, தொட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு சாவி, ஒரு குடை, ஒரு சுத்தியல். ஒரு விரல் வந்து குடையைத் தொடும். குடை காற்றில் பறந்துபோகும். அவள் நடுங்குவாள். தப்பான பொருளைத் தொட வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். ஒருவன் கண்ணெதிரே தப்புச் செய்தால் பார்ப்பவனுக்குக் கை பரபரக்கும், 'சாவியை எடுடா மடையா' என்று அவனே தட்டிவிடுவான்.

ஆனால் யாரும் தட்டவில்லை.

"பெட்டி வேண்டாம் மஞ்சுஷா. எல்லா விளம்பரத்திலேயும் பெட்டிதான். மூணு நொடியில கண்ணை நிறுத்தணும். கையில வேற ஏதாவது கொடு" என்றான் ஜிதின்.

"குக்கர்" என்றாள் அவள். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

கொஞ்சம் ஏறியது. போதவில்லை.

"பாவம்னு சொல்லிட்டுத் தள்ளிட்டுப் போயிடறாங்க. யார் மேலயாவது அவங்களுக்குக் கோபம் வரணும். கோபப்பட ஒரு ஆள் கொடு" என்றான் ஜிதின்.

அப்போதுதான் அவள் ஜன்னலை வைத்தாள். ஜன்னலில் ஒரு திரை. திரை மெல்ல விலகும். உள்ளே ஒரு ஆண் முகம். வெளியே நனைகிறவளைப் பார்க்கும். திரை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை இப்படி ஏற ஆரம்பித்தது.

"சேட்டா, இதை நிறுத்த முடியுமா?" என்றாள் மஞ்சுஷா.

ஜிதினுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓடுறதை யாராவது நிறுத்துவாங்களா? எந்தா பட்டியது? என்ன ஆச்சு உனக்கு?"

"வீட்டுல ஒரு காரியம்…"

"வீட்டுக் காரியத்துக்கும் இந்த விளம்பரத்துக்கும் என்ன பந்தம்?"

அவன் கெட்டவனில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அக்காவைத்தான் அங்கே மழையில் நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. லீவு மட்டும் கேட்டாள். அவன் உடனே கொடுத்துவிட்டான். ஜெயித்தவர்களுக்கு எதுவும் கிடைக்கும் ஆபீஸ் அது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு நர்ஸ் பெண் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள். தோப்பும்படி பாலம் ஏறும்போது அவள் விரல் நின்றது. மஞ்சுஷா எட்டிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள், மழைச் சத்தம்.

திரை விலகியிருக்க வேண்டும். "துஷ்டன்!" என்று அந்தப் பெண் வாய்க்குள் சொன்னாள். பிறகு தட்டினாள்.

ஆபீஸில் அது ஒரு எண். பஸ்ஸில் அது ஒரு பெண்ணின் கோபமாக இருந்தது. மஞ்சுஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார் மேல் அந்தக் கோபம்? அப்படி ஒருவன் இல்லவே இல்லையே. குக்கர் உண்மை, மழை உண்மை, பூட்டு உண்மை. அந்த ஆள் மட்டும் அவள் உண்டாக்கியது. பாண்டியராஜ் அத்தான் அன்றைக்கு வில்லிங்டன் தீவில் குடோன் வேலையில் இருந்தார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

அத்தான் கண்ணில் இது படாமலிருந்தால் போதும் என்று நினைத்தாள். ஊரில் எத்தனை ஆயிரம் பேர், அவர் கண்ணிலா படப்போகிறது?

வீட்டில் மீன்கறி மணம் தெருமுனை வரை வந்தது. சரோஜம்மா காலையிலிருந்தே அடுக்களையில். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமென்று மரவள்ளிக் கப்பையும் வேகவைத்திருந்தாள். அப்பா தங்கப்பன் கார்ப்பரேஷன் டியூட்டிக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை வருகிற நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்றவர் இன்னும் வரவில்லை.

"வந்துட்டியா? உங்கக்காவை ஒரு நல்ல சேலையாக் கட்டச் சொல்லு. நான் சொன்னா கேட்கமாட்டேங்கறா. ஒரே போனும் கையுமா இருக்கா."

பிந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பழைய நைட்டி, கொண்டை. தங்கையைப் பார்த்ததும் போனைத் திருப்பினாள்.

"மஞ்சு, இங்கே வா. உனக்கு ஒரு தமாஷ் காட்டறேன்."

மழைச் சத்தம் கேட்டது.

"நேத்து வந்துச்சு. என்னை மாதிரியே ஒருத்தி நிக்கிறா பாரு. கையில குக்கர்! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உலகத்துல நான் மட்டும்தான் குக்கரோட நின்னேன்னு நெனச்சேன்."

"ம்."

"பாவம்னு தோணுச்சு. தட்டினேன். உள்ளே போனா என்ன இருக்கு தெரியுமா? ஆரஞ்சு! ஆரஞ்சு, ஆப்பிள், கறுத்த திராட்சை. மூணு மூணா அடுக்கணும். அவளைக் காணோம்."

"அப்படித்தான் இருக்கும்க்கா. அதை டெலிட் பண்ணு."

"இரு, இரு. முப்பத்தெட்டாவது கட்டம் வந்துட்டேன். நேத்து ராத்திரி முழுக்க ஆடினேன். எந்தக் கட்டத்துலடி கதவு திறக்கும்? நீ கம்ப்யூட்டர்ல இருக்கியே, உனக்குத் தெரியுமா?"

மஞ்சுஷாவுக்குத் தெரியும். எந்தக் கட்டத்திலும் திறக்காது. நூறாவது கட்டத்திலும் ஆரஞ்சுதான். அந்தக் கதவு விளம்பரத்துக்கு மட்டும்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அதைச் சொன்ன கையோடு, இப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று தோன்றியது. அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள், இப்போது சொன்னால் சிரிப்போடு போய்விடும். சாயங்காலத்துக்குப் பிறகு சொன்னால் வேறு மாதிரி ஆகும். அல்லது அத்தானோடு போன பிறகு, சமாதானமான பிறகு… எது நல்ல நேரம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பாண்டியராஜ் தனியாகத்தான் வந்திருந்தான். தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தவன். இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் முகம் வேர்த்து வழிந்தது.

"வாங்க மாப்பிள்ளை. மாமா வரலையா?" என்று சரோஜம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தான் வேண்டாம்னுட்டேன், அத்தை."

அவன் நாற்காலியில் உட்காரவில்லை. பிந்துவையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவன்போல் கையிலேயே வைத்திருந்தான்.

"முதல்ல சாயா குடிங்க. அப்புறம் கப்பை வெந்திருக்கு…"

"பஸ்ஸுல வந்துட்டிருந்தேன். இது வந்துச்சு" என்றான் அவன்.

மழைச் சத்தம். மூன்றாவது தடவை அந்த ஒரே நாளில். மஞ்சுஷா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஓ, அதுவா!" என்றாள் பிந்து. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு புருஷனிடம் அவள் பேசிய முதல் நேர்ப்பேச்சு அது. "எனக்கும் வந்துச்சு. நான் முப்பத்தெட்டாவது கட்டம் ஆடிட்டு இருக்கேன்."

அவன் அவளை விழித்துப் பார்த்தான்.

"பிந்து, விளையாடாதே. இதை யாரு பண்ணினது? நீயா சொன்னது?"

"என்னத்தை?"

"குக்கர், மழை… சரி. அதையெல்லாம் அக்கம்பக்கத்துல பார்த்தவங்க சொல்லியிருக்கலாம். இது?" அவன் விரல் திரையில் ஒரு மூலையைக் குத்தியது. ஜன்னல். "நீ அன்னைக்கே என்னைப் பார்த்துட்டியா? பார்த்துட்டு ஏன் என்கிட்டே சொல்லலை? ஒன்றரை மாசமா ஒண்ணும் தெரியாத மாதிரி, வேணும்னே பூட்டினீங்களான்னு கேட்டுட்டே இருந்தியே!"

அடுக்களையில் கறி கொதித்து மூடியைத் தூக்கியது.

பிந்து போனைக் கட்டிலில் வைத்தாள்.

"நீங்க உள்ளேயா இருந்தீங்க?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, அவளுக்குத் தெரியாதென்று. அவன் முகம் போன போக்கை மஞ்சுஷா பார்த்தாள். விளம்பரத்தில் அவள் வரைய வைத்த முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஒரு குரூரம் இருந்தது. இவனிடம் ஒன்றுமே இல்லை, விட்டால் அழுதுவிடுவான் போலிருந்தது.

"மாப்பிள்ளை, மழை கொட்டுறப்ப வீட்டுக்குள்ளேயா இருந்தீங்க? எனக்கு ஒண்ணும் மனசிலாகலையே. வெளியில பூட்டுத் தொங்குச்சுன்னு சொன்னாளே இவ?" என்றாள் சரோஜம்மா.

அவன் கடைசியில் உட்கார்ந்தான். நாற்காலியில் இல்லை, வாசல்படிக்கு உள்பக்கமாக, தரையிலேயே.

"அதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே குடோனை மூடிட்டாங்க அத்தை. எனக்கு வேலை இல்லை. இவகிட்டே எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தெனமும் காலையில இவ முன்னாடி இறங்குவா, நான் பூட்டிட்டுப் பின்னாலேயே இறங்குவேன். இவ பஸ் ஏறினதும் திரும்பி வருவேன். முன்வாசல் பூட்டு பூட்டினபடியே இருக்கும். பின்னாடி அடுக்களைக் கதவுத் தாழை மட்டும் கிளம்பும்போதே எடுத்து விட்டுருப்பேன். அந்த வழியா உள்ளே போய், தாழ் போட்டுட்டு, சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்."

அவன் பிந்துவின் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு நீ நேரத்தோட வந்துட்டே. பூட்டை ஆட்டற சத்தம் கேட்டுது. எழுந்து திரையை ஓரமா விலக்கிப் பார்த்தேன். நீதான். போனை அணைச்சுட்டேன்."

"ஏன்?"

"தெரியலை. கை அணைச்சிடுச்சு. அப்புறம் ஃபிரிட்ஜ் மேல உன் சாவியைப் பார்த்தேன்."

"பார்த்தும் அடுக்களைக் கதவைத் திறக்கலை."

"முதல் நிமிஷத்துல திறந்திருந்தா ஏதாவது சொல்லியிருக்கலாம் பிந்து. தலைவலின்னு சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் ஆயிடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சுத் திறந்தா, இவ்வளவு நேரம் உள்ளே என்ன பண்ணினீங்கன்னு கேட்பே. அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டே அரை மணி ஆயிடுச்சு. அப்புறம் எப்படித் திறக்கிறது? நீ போயிடுவே, போயிடுவேன்னு பார்த்துட்டு இருந்தேன். நீ போகவே இல்லை."

"குக்கர் கனம்" என்றாள் பிந்து சம்பந்தமில்லாமல். "கீழே வைக்கலாம்னா தரையெல்லாம் தண்ணி."

"தெரியும். ரெண்டு கையிலேயும் மாத்தி மாத்திப் பிடிச்சுட்டு இருந்தே."

சரோஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையைத் திட்டுவதா, எழுப்பி உட்கார வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் பாதிப் பாதி செய்தாள். "இப்படியும் ஒரு ஆம்பளையா… எழுந்திரிங்க மாப்பிள்ளை, தரை ஈரம்."

"இப்போ களமசேரியில வேலை கிடைச்சிருக்கு. போன வாரம்தான் சேர்ந்தேன். அதுக்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட வரலாம்னு… சாவி உன்கிட்டே இருக்குன்னு நெனச்சேன்னு சொல்லலாம்னு மாமாகிட்டே பேசி வச்சிருந்தேன். பஸ்ஸுல இதைப் பார்த்ததும் மாமாவை இறங்கச் சொல்லிட்டேன். உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, நீதான் ஊருக்கே காட்டறேன்னு நெனச்சேன். அதான் கேட்கறேன். யாரு பண்ணினது இது?"

"நான்தான் அத்தான்" என்றாள் மஞ்சுஷா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"என் வேலையே அதுதான். விளையாட்டுக் கம்பெனிக்கு விளம்பரம். குக்கர் நான்தான் வச்சேன். தப்புதான். அக்கா கதைன்னு யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். ஆனா ஜன்னல்… அது எனக்குத் தெரியாது அத்தான். பார்க்கிறவங்களுக்குக் கோபம் வரணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதுக்காக ஒரு ஆளை வச்சேன். சும்மா வச்சேன்."

பிந்து எழுந்து வந்தாள். தங்கைக்கு மிக அருகில் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் மஞ்சுஷா நினைத்தாள்.

"எந்தக் கட்டத்துல கதவு திறக்கும்னு கேட்டேனே. தெரியாதுன்னு சொன்னே."

"திறக்காதுக்கா. அது… அந்தக் கதவே விளையாட்டுல கிடையாது."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

பிந்து புருஷன் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"சரி. இது எப்படி உனக்குத் தெரிஞ்சுது? இவர் சொன்னாரா உன்கிட்டே? எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?"

"அய்யோ, இல்லைக்கா!"

"சும்மா வச்சேன்னு சொல்றே. சும்மா வச்சது அப்படியே நடந்திருக்கு. அதே ஜன்னல். அதே பக்கம், கதவுக்கு இடது கைப்பக்கம். வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கியே, அதனால ஜன்னல் தெரியும். ஆள் நின்னது எப்படித் தெரியும்?"

"நான் இவகிட்டே ஒரு வார்த்தை பேசலை பிந்து. சத்தியமா" என்றான் பாண்டியராஜ்.

"உங்க சத்தியத்தை நான் இப்ப கேட்கலை."

மஞ்சுஷா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நூறு பேர் கணக்கைச் சொன்னாள், ஜிதின் சேட்டன் கேட்டதைச் சொன்னாள், திரை விலகுகிற இடத்தில்தான் ஜனங்கள் தட்டுகிறார்கள் என்றுகூடச் சொன்னாள். ஆபீஸில் ஏழு பேருக்கும் சட்டென்று விளங்கும் விஷயம், இந்த வீட்டில் சொல்லச் சொல்ல அவள் காதுக்கே பொய்போல் கேட்டது.

பிந்து உள்ளே போனாள். நைட்டியை மாற்றிக்கொண்டு சுடிதாரில் வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"போகலாம்" என்றாள் புருஷனைப் பார்த்து.

சரோஜம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க ரெண்டு பேரும். துணியெல்லாம் எடுத்துக்கோ பிந்து, நான் பையில…"

"நான் குடித்தனத்துக்குப் போகலைம்மா. அந்த ஜன்னல்கிட்டே ஒரு தடவை நின்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

"நின்னு பார்த்து?"

"தெரியலை. பார்க்கணும்."

ஆட்டோ வந்து, இருவரும் ஏறி, தெருவைத் தாண்டிப் போனார்கள். பாண்டியராஜ் சாயாகூடக் குடிக்கவில்லை. அம்மாவுக்கு இது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. அவள் மறுபடி அடுக்களைக்குப் போய் ஆறிய கறியைச் சூடாக்கினாள். சூடாக்கிவிட்டு மறுபடி இறக்கி வைத்தாள்.

மஞ்சுஷா ஜிதினுக்குப் போன் செய்தாள். எடுத்ததும் அவளைப் பேசவிடவில்லை அவன்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆம்பளைங்ககூட பயங்கரமாத் தட்டறாங்க! அந்த ஜன்னல் ஆளுக்கு ஒரு ரெண்டாம் பாகம் வேணுமாம் பெங்களூர்க்காரங்களுக்கு. அவன் ஏன் திறக்கலைன்னு. ஏதாவது யோசிச்சு வை."

"சேட்டா, அதை இப்பவே எடுத்திடுங்க. அது எங்கக்கா."

"எது?"

"குக்கரோட நிக்கிறவ. எங்கக்கா. கெஞ்சிக் கேட்கறேன்."

"நான்… நான் பேசிப் பார்க்கறேன்" என்றான் ஜிதின். அவன் குரலில் கொண்டாட்டம் போயிருந்தது. "உறுதி சொல்ல முடியாது மஞ்சுஷா. இப்ப அது நம்ம கையில மட்டும் இல்லை."

போனை வைத்துவிட்டு அவள் வாசலிலேயே நின்றாள். வெயில் சாய்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அவரிடம் எதிலிருந்து தொடங்குவது?

போன் அடித்தது. பிந்து.

"மஞ்சு."

"சொல்லுக்கா. சண்டையா?"

"இல்லை. சண்டை ஒண்ணும் இல்லை." அவள் குரல் மிக மெதுவாக இருந்தது. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல. "முதல்ல நான் உள்ளே நின்னு பார்த்தேன். அவரை வெளியில நிக்கச் சொன்னேன். நல்லாத் தெரிஞ்சார்."

"ம்."

"அப்புறம் மாத்தி நின்னோம். அவர் உள்ளே, திரைக்குப் பின்னால. நான் வாசல்ல, அன்னைக்கு நின்ன இடத்துல."

"சரி."

"ஆள் நிக்கிறது தெரியுது மஞ்சு."

மஞ்சுஷாவுக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"திரை மெல்லிசு. வாங்கினதே நான்தான், எனக்கே ஞாபகமில்லை. பின்னால ஆள் நின்னா வெளியிலிருந்து அப்படியே தெரியுது. தோள், தலை, எல்லாம். நான் ரெண்டு மணி நேரம் அந்த ஜன்னலுக்கு நேரேதானே நின்னேன்?"

"அன்னைக்கு மழைக்கா. இருட்டா இருந்திருக்கும். கண்ணுல தண்ணி விழுந்திருக்கும்."

"அப்படித்தான் நானும் சொல்லிக்கறேன்."

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, என்ன என்று தலையசைத்துக் கேட்டார். மஞ்சுஷா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"மஞ்சு, நான் அன்னைக்கு அவரைப் பார்த்தேனா? பார்த்துட்டுத்தான் ஆட்டோ ஏறினேனா? எனக்குத் தெரியலைடி. யோசிக்க யோசிக்கப் பார்த்த மாதிரியும் இருக்கு. இப்ப நின்னு பார்த்ததனால அப்படித் தோணுதா, அன்னைக்கே பார்த்ததா… நீதானே ராத்திரி என் பக்கத்துல படுத்திருந்தே. காய்ச்சல்ல நான் ஏதாவது சொன்னேனா?"

மஞ்சுஷா யோசித்தாள். அன்றிரவு அக்காவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தது நினைவிருந்தது. அக்கா என்னென்னவோ முனகினாள். ஹோம்ஸ்டேயில் யாரோ ஒரு வெள்ளைக்காரிக்குத் துண்டு கொடுக்கவில்லை என்றாள். திற, திற என்றாள். அதற்குப் பிறகு? ஜன்னல் என்று ஏதாவது சொன்னாளா? திரை என்று? அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்து, ஒரு மாதம் கழித்து ஆபீஸில் 'ஆள் கொடு' என்றதும் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு…

இல்லை. அது நான் உண்டாக்கியது. அப்படித்தானே?

"கேட்குதா மஞ்சு? நான் சொன்னேனா, நீயா வச்சதா?"

உள்ளேயிருந்து அம்மா யார் போனில் என்று கேட்டாள். அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அக்கா…" என்றாள் மஞ்சுஷா. அதற்கு மேல் எதைச் சொன்னால் உண்மையாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.